எச்சில் பட்டதெல்லாம்

நேற்றுக் காலை, தாகத்தில், மேஜைமேல் இருந்த மஞ்சுவின் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டேன். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அலறினாள்.

"சீ, டாடி! வாய் வச்சா குடிச்சீங்க? உவ்வே! எச்சி பண்ணிட்டீங்கல்ல, நீங்களே வச்சுக்குங்க."

பாட்டில் எனக்குச் சொந்தமாயிற்று. நான் சிரித்தேன். அவள் எச்சிலைச் சாப்பிட்டு வளர்ந்த தொப்பை இது என்பது அவளுக்கு மறந்துபோயிருக்கிறது.

மஞ்சு ஏழு வயதில் காப்பகத்திலிருந்து எங்கள் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தாள். தத்து இல்லை, வளர்க்க மட்டும். சரிப்படாவிட்டால் திருப்பி விட்டுவிடலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், மிக்ஸி விற்கிறவர்கள்போல. பிள்ளை வளர்ப்பு பற்றி நான் அலமாரி நிறையப் படித்திருந்தேன். அத்தனை புத்தகத்திலும் எச்சில் என்ற சொல் கிடையாது.

முதல் நாள் மதியம் என் மனைவி ஸ்டெல்லா மீன்குழம்பு வைத்திருந்தாள். மஞ்சு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காறித் துப்பினாள். "நந்து!" என்றாள். கன்னடத்தில், 'என்னுது'. அடுத்து சோறு, அடுத்து தயிர். தடுத்த ஸ்டெல்லாவுக்குக் கையில் கடி. எனக்கு இட்லித் தட்டு, நெற்றியில்.

காப்பகத்தில் பெரிய பிள்ளைகள் சின்னதுகளின் தட்டைப் பிடுங்கிக்கொள்வார்களாம். துப்பி வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். காரணம் புரிந்தது. ஆனால் புரிவது மண்டைக்கு, குமட்டுவது வயிற்றுக்கு. ரசத்தின்மேல் வெள்ளையாக நுரைத்து மிதந்ததை இப்போது எழுதும்போதும் புரட்டிக்கொண்டு வருகிறது. சோப்பு ஈரம், தலையணை ஈரம், டிவி ரிமோட் ஈரம். தலையணைக்கு அடியில் அழுகிய முட்டை. மூன்று மாதம் நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குடும்பம் நடத்தினேன்.

அழுகிய முட்டை என்றதும் கீழ்வீட்டு டீச்சரம்மா நினைவுக்கு வருகிறார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அறிவுரையோடு வந்தார். "பிரதர், தப்பா நினைக்காதீங்க. எந்த ரத்தமோ, என்ன சாதியோ! அக்கம்பக்கத்துக்குத் தெரியாம திருப்பி விட்டுருங்க. நாங்க ஜெபம் பண்றோம்." சொல்லிக்கொண்டே மேஜைமேல் இருந்த பிளம் கேக்கில் கை வைத்தார். அந்தக் கேக்கின்மேல் மஞ்சு காலையிலேயே தன் உரிமையை நிலைநாட்டியிருந்தாள். ரத்தமும் சாதியும் காதில் விழாமல் இருந்தால் தடுத்திருப்பேன். அந்த இனிப்பான குரல் எச்சிலைவிட அதிகமாகக் குமட்டியது.

"இன்னொரு துண்டு எடுத்துக்கங்க டீச்சர்."

எடுத்துக்கொண்டார். நல்லா ஊறியிருக்கு என்று பாராட்டவும் செய்தார்.

ஜெபத்தோடு நிறுத்தாமல் புகாரும் செய்துவிட்டார்போல. குழந்தைகள் நல அலுவலகத்து மேடம் ஒருநாள் வந்து நின்றார். ஸ்டெல்லாவின் கையைத் திருப்பிக் கடித்தடங்களைப் பார்த்தார். "ஐயோ, இஷ்டு மார்க்கா, இத்தனையா! ரொம்பக் கஷ்ட ஆகுதுன்னா சொல்லிடுங்க சார், பர்வாகில்ல. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க," என்றாள். அவள் குரலில் இருந்த களைப்பு எனக்கும் இருந்தது. காலையில் கழுவிய ரிமோட் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து மஞ்சு வெளியே வந்தாள். மேடத்தையும், வாசலில் நின்ற ஜீப்பையும் பார்த்தாள். நேராக என்னிடம் வந்து, கையை இழுத்துப் பிடித்து, சட்டைக் கையில் துப்பினாள். அப்புறம் ஸ்டெல்லாவின் முந்தானையில். எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றுகொண்டு, "நந்து," என்றாள்.

"சீ!" என்று மேடம் இரண்டடி பின்னால் போனார்.

வெதுவெதுப்பாக அது முழங்கை வரை வழிந்தது. எனக்கு வாந்தி வரும்போல இருந்தது. துடைக்கவில்லை.

"எச்சி பண்ணிட்டா மேடம்," என்றேன். "இனிமே எங்கள வேற யாருக்கும் குடுக்க முடியாது."

இப்போது மஞ்சுவுக்குத் தனி ஸ்பூன், தனித் துண்டு, பையில் டிஷ்யூ. டீச்சரம்மா வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். அந்தச் சட்டை தரை துடைத்துக் கிழிந்து தொலைந்தது. எப்போது துப்புவதை நிறுத்தினாள் என்று கேட்டால் எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒரு நாள் ரசம் வெறும் ரசமாக இருந்திருக்கிறது. கவனிக்காமல் குடித்திருக்கிறோம்.