மீனுக்கு வயிறு வைக்கிறவர்

தீவனத் தூளை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சப்பு. துப்புவதா விழுங்குவதா என்ற யோசனையெல்லாம் கிடையாது, விழுங்கிவிடுவார். "உப்பு தூக்கல். எண்ணெய் பழசு. யாரு அரைச்சது இதை?" என்று குரல் வந்ததும், தீவனம் அரைக்கிற அறையில் இருப்பவர்கள் சல்லடைக்குப் பின்னால் ஒளியப் பார்ப்பார்கள். சல்லடைக்குப் பின்னால் எவன் ஒளிய முடியும்? அதனால்தான் அந்த மீன்குஞ்சுப் பண்ணையில் அவருக்கு 'மாமியார்' என்று பெயர். எதிரில் மட்டும் 'அக்கா'. பின்னால் கூப்பிடும் பெயர் அவருக்குத் தெரியாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்கிறது.

கொடுவா மீனின் முட்டையைப் பொரித்து, குஞ்சை விரல் நீளத்துக்கு வளர்த்து, குளம் வைத்திருப்பவர்களுக்கு விற்கிற பண்ணை அது. வட்ட வட்டமாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். கொட்டகைக்குள் நுழைந்தால் மூக்கில் முதலில் ஏறுவது பாசி வாசனை, அப்புறம் மீன் வாசனை, அப்புறம் எதுவுமே தெரியாது. குஞ்சுகளுக்கு எதை, எப்போது, எவ்வளவு போடுவது என்பது மாமியார் பொறுப்பு. மீன்வளம் படித்துப் பட்டம் வாங்கியவர். அந்தச் சான்றிதழை வீட்டில் மாட்டாமல், இங்கே நுண்ணோக்கிக்கு மேலே மாட்டியிருக்கிறார். கேட்டால், "வீட்ல மாட்டினா யாரு பார்க்கப் போறா? எங்க வீட்டுக்காரருக்கு அளவு டேப்பைத் தவிர எதுவும் கண்ணுல படாது" என்பார்.

யாரைப் பார்த்தாலும் "நல்லா இருக்கீங்களா?" என்று அவர் கேட்டதில்லை. "வயிறு எப்படி இருக்கு?" என்பார். லாரி ஓட்டுநரையும் அப்படித்தான் கேட்பார், குஞ்சு வாங்க வருகிற பெரிய மனிதர்களையும் அப்படித்தான். அவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு, கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நெஞ்செரிச்சல், உப்புசம் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். அவரும் தொட்டி ஓரத்தில் நின்றபடி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

இந்த வயிற்றுப் பைத்தியம் சும்மா வந்ததல்ல. முட்டையிலிருந்து வெளிவருகிற குஞ்சுக்குக் கண் உண்டு, கொஞ்ச நாளில் வாயும் திறக்கும், ஆனால் வயிறு கிடையாது. வாயிலிருந்து வால் பக்கம் வரை ஒரே நேர்க்குழாய். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, பாவம், என்று தூள் தீவனத்தைத் தூவிவிடுவார்கள். குஞ்சும் ஆசையாகத் தின்னும். குழாய் நிறைந்து உப்பலாகத் தெரியும். போட்ட தூள் போட்டபடியே மறுபக்கம் வெளியே வரும். "வயிறு முட்டத் தின்னுட்டே பட்டினியில சாகும்" என்பார் மாமியார். அதனால் வயிறு உருவாகிற வரைக்கும் உயிருள்ள இரைதான்: பாசித் தண்ணீரில் வளர்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அதன்பின் ஆர்ட்டீமியா என்கிற ஆரஞ்சு நிறப் பொடி இறால். உள்ளே போனதும் கரைந்துவிடுகிற மெத்தென்ற உடம்பு அவற்றுக்கு.

புதியவர்களின் கையிலிருந்து தூள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு அவர் சொல்வது ஒரே வசனம்: "வாய் வந்தாச்சுன்னு சோறு போட்டுட முடியுமா? வயிறு வர வேணாமா?" இந்த வசனம் பண்ணை முழுக்கப் பரவி, இப்போது யார் எதற்குச் சொல்கிறார்கள் என்று கணக்கில்லை. மகன் மோட்டார் சைக்கிள் கேட்டபோது காவலாளிகூட இதைத்தான் சொன்னாராம்.

கணவர் தையல்காரர். கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின கடை. யாருக்காவது இடுப்பளவு எடுக்கும்போது பேச்சு தானாக மனைவி பக்கம் திரும்பிவிடும். "நான் வயித்தைச் சுத்தி அளவெடுக்கிறதோட சரிங்க. எங்க வீட்டம்மா உள்ள இருக்கிற வயித்தையே வைக்கிறாங்க, மீனுக்கு."

"மீன் வயித்தைச் சுத்தம் பண்றாங்களா?" என்று வாடிக்கையாளர் கேட்பார்.

"எடுக்கிற ஆளு தெருவுக்குப் பத்துப் பேரு இருக்காங்க. வைக்கிற ஆளு இவங்க ஒருத்தங்கதான்" என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். பாவம், பல பேருக்கு இந்தப் பேச்சின் நடுவில் கால்சட்டை ஒரு விரல் தளர்ந்து போயிருக்கிறது.

இப்படிப்பட்டவர்தான் இந்தப் பருவத்தில் முதலாளியிடம் போய், "சார், உயிர் இரையைச் சீக்கிரமா நிறுத்திடலாம்" என்றார்.

முதலாளிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. உயிர் இரை என்பது தனிக் குடித்தனம். அதை வளர்க்க அறை, அதற்கு வெளிச்சம், அதற்குச் சாப்பாடு. ஒரு முறை கெட்டுப்போனால் கொட்டகை மொத்தமும் பட்டினி. நிறுத்தினால் பண்ணைக்கு நல்லதுதான். ஆனால் அதை நிறுத்தவே கூடாது என்று இத்தனை வருஷமாக மல்லுக்கு நின்றவர் இவர்தானே! "ஏம்மா, நீங்கதானே சொன்னீங்க, வயிறு வர வேணாமான்னு?"

"சொன்னேன் சார். வயிறு வந்தப்புறம் சோறுன்னு சொல்லிட்டே இருந்தேன். சோறே வயித்தை வரவழைக்கும்னா?"

அவர் புதிதாக ஒரு தூள் செய்திருந்தார். மீன் சதையை நொதியில் ஊறவைத்து, பாதி செரித்த பக்குவத்தில் காயவைத்து அரைத்தது. வயிறில்லாத குழாயும் அதை உறிஞ்சிக்கொள்ளும், அப்படி உறிஞ்ச உறிஞ்சக் குடலும் வயிறும் சீக்கிரம் தேறும் என்பது அவர் கட்சி. முதலாளி ஒரே ஒரு தொட்டி கொடுத்தார். தொட்டி போனால் குஞ்சு போகும். அதைவிட, அத்தனை பேர் வாயிலும் புழங்குகிற அந்த வசனம் மாமியார் மேலேயே வந்து விழும். அது அவருக்கும் தெரியும், அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆரம்பமே சறுக்கல். ஆர்ட்டீமியாவோடு சேர்த்துத் தூளையும் போட்டுப் பழக்கினார். மறுநாள் பார்த்தால் அத்தனை குஞ்சுக்கும் வயிற்றுப் பக்கம் ஆரஞ்சு நிறம் மின்னியது. தூளும் ஆரஞ்சு. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகை முழுக்க மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் வாயில் கரைவதற்குள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உள்ளே இருந்ததெல்லாம் ஆர்ட்டீமியாவின் கால். குஞ்சுகள் இறாலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, தூளை அப்படியே அடியில் விட்டிருந்தன. "மாமியாரையே ஏமாத்திடுச்சுப்பா, மருமகளுங்க!" என்று காவலாளி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

மாமியார் தூள் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, பாசிப் பொடி கலந்து பச்சையாக மறுபடி செய்தார். காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் பச்சைத் தூள், அப்புறம்தான் இறால். "இப்ப பொய் சொல்லட்டும், பார்ப்போம்" என்று டார்ச் விளக்கோடு தொட்டி மேல் கவிழ்ந்து கிடந்தார். முதலில் ஒன்றிரண்டு வயிறு பச்சையானது. பிறகு கூட்டம் கூட்டமாக. அப்புறம்தான் துணிந்து இறாலை நிறுத்தினார்.

ஆனால் பச்சையாக இருப்பது வேறு, வயிறாக இருப்பது வேறு. தின்றதா என்பதற்குத்தான் நிறம் சாட்சி. வயிறு வந்ததா என்று பார்க்கக் குஞ்சை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்ற வேண்டும். அதற்கென்று ஆய்வறையில் ஒருவர் இருக்கிறார். சீவல் அண்ணன். இடி விழுந்தாலும் நிதானமாகத்தான் திரும்பிப் பார்ப்பார்.

"அண்ணே, ஆச்சா?"

"மெழுகு இறுகணும்மா."

"நானே இறுகிப் போயிட்டேன் அண்ணே!"

"அவசரப்பட்டா எப்படி? பதம் வர வேணாமா?" என்றார் சீவல் அண்ணன். அவர் வாயிலும் அந்த வசனத்தின் வாடை.

காத்திருந்த நாட்களில் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த மனைவியைக் கணவர் பார்த்தார். "ஊர்ல உள்ள வயித்தையெல்லாம் விசாரிக்கிறியே, உன் வயிறு என்ன சொல்லுது?"

"பயமா இருக்குங்க. அந்தத் தொட்டியில இருக்கிறது அத்தனையும் என்னை நம்பித் தின்னுதுங்க."

"துணியை வெட்டறதுக்கு முன்னாடி பயப்படணும். நீ வெட்டியாச்சு. இனிமே தைக்கிறதுதான்" என்று மனைவியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அந்தக் கரண்டி எப்படியோ உள்ளே போனது.

சீவல் அண்ணன் கண்ணாடித் தகடுகளைக் கொண்டுவந்த அன்று முதலாளியும் வந்துவிட்டார். காவலாளி முதற்கொண்டு எல்லாருக்கும் ஆய்வறை வாசலில் திடீரென்று வேலை இருந்தது. மாமியார் முதலில் பழைய முறையில் இறால் மட்டும் தின்ற குஞ்சைப் பார்த்தார். அதே வயது. குழாயில் லேசாக ஒரு புடைப்பு, அவ்வளவுதான். அடுத்தது பச்சைத் தொட்டிக் குஞ்சு. குனிந்தவர் நிமிரவே இல்லை. வாசலில் யாரோ இருமினார்கள்.

"அண்ணே... தகடு மாறிடலையே?"

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்மா. உன் தொட்டிதான்."

அங்கே ஒரு பை இருந்தது. அதன் சுவர் முழுக்க அமிலம் சுரக்கிற சுரப்பிகள், ஊதா நிறத்தில், நெருக்கியடித்துக்கொண்டு. அதற்கு அப்பால் குடலின் உட்புறம் பாவாடைச் சுருக்கம் போல உயர உயரமாக மடிந்திருந்தது. அவ்வளவு அழகாகச் சுருக்கம் வைக்கத் தன் வீட்டுக்காரருக்குக்கூட வராது என்று மாமியாருக்குத் தோன்றியது.

முதலாளி குனிந்து ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார். "இதுல எதும்மா வயிறு?"

"நடுவுல பை மாதிரி இருக்கு பாருங்க சார். அதான். நான் வச்சது."

முதலாளி மெதுவாக நிமிர்ந்து, "அடுத்த முறை எல்லாத் தொட்டிக்கும் இதையே போடுங்கம்மா" என்றார். கதவுவரை போனவர் திரும்பினார். "ஆனா, எதுக்கும் உங்க இறால் டிரம்மை ஒரு வாரம் ஓட விடுங்க. நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. தூளுக்கு மாற்றிய பிறகும் ஒரு டிரம் இறாலைக் கைகாவலாக உயிரோடு வைத்திருப்பது எல்லாப் பண்ணையிலும் வழக்கம். பண்ணைக்காரர்கள் அதை வைத்துக்கொண்டுதான் தூங்குவார்கள்.

மாமியார் ரப்பர் பூட்ஸ் சப்திக்கக் கொட்டகைக்கு நடந்தார். பின்னாலேயே எல்லாரும். பச்சைத் தொட்டிக்கென்று கைகாவலாக ஓடிக்கொண்டிருந்த டிரம்மின் காற்றுக் குழாயை உருவினார். உள்ளே இருந்த இறாலையெல்லாம் வடிகட்டி, இன்னும் வயிறு வராத பக்கத்துத் தொட்டிக் குஞ்சுகளுக்குக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். டிரம்மைக் கழுவினார். பச்சைத் தொட்டிக்கு நேர் எதிரே அதைக் கவிழ்த்து வைத்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டீக்குக் கை நீட்டினார்.