சவரிமுத்து திறந்த வால்வு

பிம்ப்ரியில் எங்கள் ரப்பர் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் பார்த்தவர் சவரிமுத்து. ஷிப்டுக்கு வந்ததும் அடிவால்வைத் திறந்து, பத்து எண்ணும்வரை பாய்லரின் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவார். அதற்குப் பிறகுதான் டீ. கோர்படியிலிருந்து அவரோடு ஒரே பஸ்ஸில் வருகிறவன் நான் என்பதால் சொல்கிறேன்: மனிதருக்குக் கை முந்தும், யோசனை பிந்தும்.

போன டிசம்பரில் கோந்த்வாவைச் சேர்ந்த இன்ஜினியர் வைஜயந்தி ஒரு மெஷினோடு வந்து இறங்கினாள். சாக்கடைக்குப் போகும் தொண்ணூறு டிகிரி வெந்நீரில் கரண்ட் எடுப்பேன் என்றாள். அந்தச் சூட்டில் தண்ணீரே கொதிக்காதே என்று சவரிமுத்து சிரித்தார். கொதிக்கப்போவது தண்ணீர் இல்லை, மெஷினுக்குள் அடைத்த வேறொரு திரவம், அதற்கு உள்ளங்கைச் சூடே போதும் என்றாள். அந்த ஆவி சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குளிர்ந்து, மறுபடி திரவமாகும். சொட்டுகூட வெளியே போகக்கூடாது. பாய்லர்காரர் தலையை ஆட்டினார். பாதிதான் காதில் விழுந்திருக்கிறது.

மூன்று வாரச் சோதனை. தேறாவிட்டால் மெஷின் வந்த வழியே திரும்பிவிடும். முதல் வாரம் வைஜயந்தியே பார்த்துக்கொண்டாள், நன்றாக ஓடியது. அடுத்த வாரம் பொறுப்பு சவரிமுத்துவிடம் வந்தது, திரவம் நாளுக்கு நாள் குறைந்தது. மெஷினைச் சுற்றி ஈரமே இல்லை. அந்தப் பெண் சோறு தண்ணி இல்லாமல் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவித் தேடினாள். அவள் வடிவமைத்த சீல்தான் ஒழுகுகிறது என்று எழுதிவிட மேலதிகாரிகள் ஒருநாள் காலையில் கூடவிருந்தார்கள். சவரிமுத்துவை யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் இதை நான் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"மெஷின் ஓட முந்தி தெனமும் அதோட அடிவால்வையும் தொறந்துட்டேன்வே. அழுக்குத் தங்கிருமேன்னு. வெளிக்குழாய்ல போனது ஆவியாப் போயிருக்கு."

"சும்மா இரும்வே. ரிட்டயராக மூணு மாசந்தான் இருக்கு," என்றேன். இப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவர் நேரே கூட்டத்துக்குப் போனார். தப்பு என்னுடையது, பெண்மேல் எழுதாதீர்கள் என்று தன் உடைந்த இந்தியில் சொல்லிவிட்டார். மெஷின் பிழைத்தது. மறுநாளே அவரைப் பாய்லரிலிருந்து தூக்கி ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். ஒரு வாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் வைஜயந்தி ஸ்டோருக்கு வந்து, அந்த வால்வின் கைப்பிடியை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"லாக் போடாதது என் கல்தி, என் தப்புதான், அங்கிள். இத கழட்டிட்டேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும். யாருக்கு வேணும்னாலும் உங்களத்தான் வந்து கேக்கணும்."

சவரிமுத்து எழுந்து நின்றுவிட்டார். கைப்பிடியைச் சட்டை நுனியால் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தச் சாவியை, அதற்கு முந்தின வாரம்வரை பாய்லர் அறைச் சாவி தொங்கிய இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் கோர்படி வரும்வரை அழுதுகொண்டே வந்தார். சும்மா இரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.