மரத்துப்போன உதடும் ஒலிபெருக்கியும்

அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் குரல் எனக்குத் தெரியும். உதியன்குளங்கரையில் என் பல் மருத்துவமனையைத் தாண்டித்தான் அவருடைய ஆட்டோ போகும். கோயில் விழா, கடைத் திறப்பு எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போவார். பாறசாலை வரை மலையாளம், தமிழ்நாட்டு எல்லையிலுள்ள பனச்சமூடு நெருங்க நெருங்கத் தமிழ்.

ஒருநாள் அவர் கன்னம் வீங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டாக்டரே, எனக்கு மரவிப்பு ஊசி ஆவாது. அலர்ஜியாக்கும்.”

“போட்டப்ப என்ன செய்தது அண்ணே?”

“பத்து வருசம் முன்ன வேற எடத்துல போட்டாவ. நெஞ்சு படபடன்னு அடிச்சு, கையி வெறைச்சுது. அஞ்சு நிமிசத்துல சரியாச்சு. அண்ணைக்கு எறங்கி ஓடினவன்தான்.”

தடிப்பு, மூச்சுத்திணறல், முகவீக்கம் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. அலர்ஜியாக எனக்குத் தோன்றவில்லை. மரத்துப்போக வைக்கும் மருந்தோடு துளி அட்ரினலின் கலந்திருப்பார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கி, மருந்தை நரம்பருகே கூடுதல் நேரம் நிறுத்திவைப்பது அதன் வேலை. அது ரத்தத்தில் கலந்தால் நெஞ்சு படபடக்கும். நாய் துரத்தினால் நம் உடம்பே சுரக்கிற அதே சாமான்தான் என்றேன்.

“அப்போ பத்து வருசம் கிராம்பு சவைச்சது சும்மாவா?” என்று வீங்கிய கன்னத்தோடு சிரித்தார்.

அன்றைக்கே பல்லை எடுத்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் கூடிவிடும், மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது என்று சொல்லி, சீழை வடித்து, ஐந்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஆறாம் நாள் மதியம் இரண்டு மணிக்குச் சரியாக வந்தார்.

வீக்கம் வடிந்திருந்தது. பயத்தில் ரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்ததால், அட்ரினலின் கலக்காத மெபிவகெயின் ஊசி போட்டேன். “இது சீக்கிரம் விட்டுரும். அதுக்குள்ள எடுத்துருவோம்” என்றேன். நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தார். நெஞ்சு படபடக்கவில்லை. பல் வெளியே வந்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, தட்டில் காட்டினேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு, சந்தோஷமாகக் கும்பிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

“டாக்டரே, சுண்டு இன்னும் வரல்ல” என்றார், கீழுதட்டைத் தொட்டுக் காட்டி. “சீக்கிரம் விட்டுரும்னு சொன்னீங்களே.”

பல்லில் மரப்பு அரைமணி நேரத்தில் போய்விடும். உதட்டில் இரண்டு மூன்று மணிநேரம் நிற்கும். நான் சொன்னது பல்லை. அவர் புரிந்துகொண்டது உதட்டை. மறுநாள் நூலக ஆண்டு விழா, வடம் இழுக்கும் போட்டி. அதை அன்று சாயங்காலமே பனச்சமூடு வரை சொல்லிக்கொண்டு போக வேண்டும். தன் பேச்சு எப்படி இருக்கிறது என்று சொல்லிக் காட்டினார்.

“ஃபனச்சவூடு.”

என் உதவியாளர் அக்கா சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குரலை நம்பிப் பிழைக்கிறவரிடம் சாயங்காலம் வேலை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

“நான் சொல்லட்டா?” என்றேன். ஆறு மணி வரை வேறு நோயாளிகள் இல்லை.

ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தேன். முதல் அறிவிப்பு, மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்வதுபோல வந்தது. அவர் உள்ளங்கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். குரலை உயர்த்தினேன். டீக்கடையில் நின்ற என் நோயாளி ஒருத்தர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார். பாதி வழி தாண்டியும் மலையாளத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் முழங்கையைத் தட்டி, தமிழுக்கு மாற்றினார். அதற்குள் எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிருந்தது.

பனச்சமூடு சந்தை தெரியும்போது அவர் உதட்டைக் கிள்ளிப் பார்த்து, “வலிக்கு டாக்டரே” என்று சந்தோஷமாகச் சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். நான் இறங்கி பஸ் பிடித்தேன்.

அடுத்த வாரம் புண் ஆறியதைக் காட்ட வந்தார்.

“உங்களுக்குக் குரல் உண்டு. மூச்சு எங்க விடணும்னுதான் தெரியேல்ல” என்றார். பிறகு தானே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து, இடப்பக்கம் விரல் வைத்தார். “இங்கயும் ஒண்ணு உண்டு. என்னைக்கு வரட்டு?”

“சாயங்காலம் வேலை இல்லாத ஒருநாள் சொல்லுங்க அண்ணே” என்று நாட்குறிப்பை எடுத்தேன்.