ஆடி கழியட்டும் என்று காத்திருந்த ஷூ

தொண்டிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதத்து எலும்பு முறிந்துவிட்டதாம். தடுக்கி விழவில்லை, எதிலும் மோதவும் இல்லை. உள்ளே தகடு வைத்த ஷூ போட்டிருந்தாளாம், அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த யுவராணியிடம் இதைச் சொன்னது கூட வேலை பார்க்கும் ஜுவைரியா. ஜுவைரியாவுக்குச் சொன்னது அவளுடைய மதினி. மதினிக்கு யார் சொன்னார்கள் என்பது தெரியாது.

"மடக்குன்னு சத்தம் வந்துச்சாம்டி. பக்கத்துல ஓடுனவளுக்கே கேட்டுருக்கு. அல்லா காப்பாத்தணும்."

"யாரு அந்தப் புள்ள? பேரென்ன?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? நீயும் அந்த மாதிரி ஷூவத்தான மாட்டிக்கிட்டுத் திரியிற. அதான் சொன்னேன்."

யுவராணி சிரித்துவைத்தாள். மேசைக்கடியில் வலது காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவினாள். பாதத்தின் மேல், இரண்டாம் விரலுக்கு நேராக ஒரு சின்ன இடம், மூன்று நாளாக வலிக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கும் சாரிடமும் சொல்லவில்லை. அன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை காலை ராமநாதபுரத்தில் பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டம். காவல்துறை அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் அது. ஐப்பசியில் அவளுக்கு இருபத்தேழு தொடங்குகிறது. அதற்குப் பிறகு மனுவே போட முடியாது.

உப்பூருக்கு மேற்கே கண்மாயை ஒட்டிய ஊர் அவளுடையது. அவள் அய்யா என்றழைக்கும் அப்பா கூத்தையாவுக்கு மிளகாய்க் காடும் கொஞ்சம் நெல்வயலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஜெயித்தாள். அதன் பிறகு மாநிலப் போட்டியில் மூன்று தடவை நாலாவதாக வந்தாள். மூன்றாவது வந்திருந்தால் சான்றிதழ், நாலாவதுக்குக் கைதட்டல். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "கல்யாணத்துக்கப்புறமும் இப்படித்தான் ரோட்டுல ஓடுமா பொண்ணு?" என்று கேட்டார். அய்யா, "ஓடும். மாப்பிள்ளையும் கூட ஓடலாம்" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஷூ வாங்கியது ஆனி மாதக் கடைசியில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் சேதுபதி கடைக்குள் நின்று வீடியோ காலில் வந்தான். ஒரு கையில் பஞ்சுபோல அடி உப்பிய ஷூ. மறுகையில் உள்ளே கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ.

"ஏத்தா, இது ஷூவா தலகாணியா? இதப் போட்டா ஓடத் தோணாது, தூக்கந்தான் வரும். இந்தா, இதப் பாரு. வளைச்சுப் பாக்குறேன், வளையவே மாட்டேங்குது."

"வளையாததப் போட்டு எப்படிடா ஓடுவா?" என்று அய்யா பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார்.

"அதுவே முன்னாடி தள்ளி விடுமாம்ய்யா. கடைக்காரன் சொல்றான்."

பயிற்சியாளர் பாண்டீஸ்வரன் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். தினசரி ஓட்டத்துக்கு மெத்தென்ற ஷூ, வேகமாக ஓடும் நாளுக்கும் பந்தயத்துக்கும் தகடு வைத்தது. "தகட்டுக்கு உங் காலு மெதுவாத்தான் பழகும். வாரத்துக்கு ஒரு நாள் போடு, ஆறு வாரம் போடு. மத்த நாள் தொடாத." யுவராணி அண்ணனிடம் தகடு வைத்ததை மட்டும் வாங்கச் சொன்னாள். நாலாவதாகவே வந்தவளுக்கு வேகம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பார்சல் வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில புதுச மாட்டிக்கிட்டு வாசப்படி தாண்டுவியாக்கும்?" என்று அம்மா கனகலட்சுமி பெட்டியை வாங்கி, மஞ்சள் தடவிப் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டாள். "ஆவணி ஒண்ணாந்தேதி நல்ல நேரம் பாத்துப் போடு. இம்புட்டு நாள் எதப் போட்டு ஓடுன?"

யுவராணி எதிர்த்துப் பேசவில்லை. அம்மாவுக்குப் பயந்து அல்ல. ஆடியில் போட்டு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ற நினைப்பு அவளுக்குள்ளும் இருந்தது. வாராவாரம் சார் கேட்பார், "ஷூ பழகிருச்சா?" "பழகிருச்சு சார்." ஆறு வாரம் என்று அவர் கணக்குச் சொன்னது, ஆவணி பிறந்தபோது பன்னிரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. ஆறு தடவை போட்டாக வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏழே நாளில் ஆறு தடவை ஓடிவிட்டாள். முதல் நாள் பறந்தாள். நேரம் அரை நிமிடம் குறைந்தது. ஆறாவது தடவை ஓடி வீடு திரும்பி ஷூவைக் கழற்றியபோதுதான் அந்த இடம் சுரீர் என்றது.

இப்போது ஜுவைரியா பேசிமுடித்து நகர்ந்துவிட்டாள். யுவராணியின் காதில் அந்த மடக்கென்ற சத்தம் மட்டும் நின்றது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒன்றும் சொல்லாமல், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டாக்டரிடம் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"படத்துல ஒண்ணும் தெரியலம்மா."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆனா எலும்புல கீறல் விழுந்த புதுசுல தெரியாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு எடுத்தாத்தான் தெரியும். இல்ல, மதுரையில போயி ஸ்கேன் எடுக்கணும்."

"ஞாயித்துக்கிழம ஓடணும் சார்."

"கீறல் இருந்து ஓடுனீங்கன்னா முறிஞ்சிரும். சேர ஒரு வருசம்கூட ஆகலாம்."

"கீறல் இல்லேன்னா?"

"இல்லேன்னா வெறும் வீக்கந்தான்." அவர் விரலால் அந்த இடத்தை அழுத்தினார். யுவராணி பல்லைக் கடித்தாள். "வலிக்குதா?"

"லேசா."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "ஓடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்."

கடைக்குத் திரும்பும்போது ஒவ்வோர் அடியும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. அய்யாவிடம் சொன்னால் ஓட விடமாட்டார். அம்மாவிடம் சொன்னால் தன்னால்தான் ஆனது என்று தலையில் அடித்துக்கொள்வாள். சாரிடம் சொல்ல வேண்டுமென்றால், பழகிருச்சு சார் என்று ஐந்து வாரம் சொன்ன பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் அவர் பெயர்ப்பட்டியலை உறுதிசெய்து அனுப்ப வேண்டும். அவள் இல்லையென்றால் அடுத்த பெண் காத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வயது பத்தொன்பது.

நாலரைக்குப் போன் அடித்தது. திரையில் பாண்டீஸ்வரன் சார்.

யுவராணி போனைக் கையில் எடுத்தாள். எழுந்து நின்று உடம்பின் பாரத்தை வலது காலில் இறக்கிப் பார்த்தாள். வலித்ததா, வலிக்குமே என்ற பயமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

"எடேன்டி, யாரு?" என்றாள் ஜுவைரியா.

மணி ஒரு தடவை முழுதாக அடித்து நின்றது. உடனே மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.