சக்கர வீட்டுக்கு ஒரு பிக்கப்

எங்கள் வீட்டில் வண்டி என்றால் ட்ராக்டர்தான். கரும்பு வெட்டினாலும் ட்ராக்டர், நெல் அறுத்தாலும் ட்ராக்டர். பாகூர் கடைத்தெருவுக்குப் போய்வர ஒரு பைக். இதற்கு மேல் ஒரு வண்டி வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படிப்பட்டவன் போன மார்கழியில் தொடங்கித் தை பிறக்கும்வரை ஊர் ஊராகப் பிக்கப் வண்டி பார்த்துக்கொண்டு திரிந்தேன். அறுபதைத் தாண்டிய பிறகு இந்தக் கூத்து. எல்லாம் என் மனைவியின் தங்கை மகன் கல்யாணத்துக்காக.

மனைவியோடு கூடப் பிறந்தது அந்த ஒரே தங்கைதான். இங்கே மில் வேலைக்கு வந்த தேனிப் பக்கத்துக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டவள். அக்காவும் தங்கையும் போனில் பேச ஆரம்பித்தால் எங்கள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். ஆனால் நேரில் பார்த்து ஆறு வருஷமாகிவிட்டது. அவள் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் மட்டும்தான் போனேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மொய் எழுதிவிட்டு வந்தேன். மைத்துனி என் முகத்தைப் பார்க்காமலேயே என்னைச் சாப்பிடச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளும் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

என் மனைவிக்கு உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கர்ப்பப்பை எடுத்த பிறகு ஒரே ஒரு தொந்தரவு, அரை மணிக்கு ஒரு தடவை ஒண்ணுக்குப் போயாக வேண்டும். அடக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது? நிறுத்தினாலும் எங்கே போய் ஒதுங்குவது? ஆம்பளைக்கு ரோட்டோரம் இருக்கிற புளியமரமெல்லாம் சொந்தம். பொம்பளைக்கு என்ன இருக்கிறது? ஒரு தடவை வில்லியனூர் தேருக்குப் போக வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிடந்து, தேரடியில் மயங்கி விழுந்தாள். அதோடு வெளியூர் என்ற பேச்சையே விட்டுவிட்டாள். காரணத்தை வெளியே மூச்சு விடவில்லை. கட்டின புருஷன் எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். தங்கையிடம் சொல்ல வாயே வரவில்லை.

மகனுக்குத் தையில் முகூர்த்தம் குறித்ததும் மைத்துனி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இதுக்கும் நீ வரலன்னா, எனக்கு அக்காவே இல்லன்னு நெனச்சிக்கிறன்."

என் மனைவி போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெளிநாட்டில் வீட்டையே வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிறார்களே, அதைப் போனில் பார்த்திருக்கிறேன். நம்மால் முடியாதா என்று மதகடிப்பட்டில் ட்ராக்டர் ட்ரெய்லர் செய்கிற பட்டறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேடை, ஒரு கக்கூஸ், அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி. ட்ரெய்லருக்கும் பிரேக் வேண்டும் என்றேன். பட்டறைக்காரர் தரையில் சாக்கட்டியால் வரைந்துவிட்டு, கக்கூஸ் எங்கே வைப்பது என்று கேட்டார். இது என்ன கேள்வி என்று இருந்தது எனக்கு. கக்கூஸ் எந்த வீட்டிலும் பின்னால்தானே இருக்கும்? கடைசி மூலையைக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். அவர் வீட்டிலும் பின்னால்தான் இருக்கும்.

கூட வந்த என் பங்காளி, அடுப்பு அக்கினி மூலையில்தான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவன் என் சித்தப்பா மகன். எதை வாங்கப் போனாலும் அவனைக் கூட்டிப் போவேன், வாங்கிய பிறகு அவனைத் திட்டுவேன். வண்டி ரோட்டில் திரும்பினால் உன் அக்கினி மூலையும் திரும்பிவிடுமேடா என்று கேட்டேன். பட்டறையில் செய்யும்போது சரியாக இருந்தால் போதும் என்றான்.

பதிவு, அனுமதி என்று அலைந்தது ஒரு தனிப் புராணம், அதை விட்டுவிடுகிறேன். வீடு தயாரானதும் ட்ராக்டரில் கோர்த்து ஊருக்குள் இழுத்து வந்தேன். சமர்த்தாக வந்தது. ட்ராக்டரிலேயே தேனிக்குப் போய்விடலாம், பொங்கலுக்குக் கிளம்பினால் மாசியில் போய்ச் சேருவோம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

பிக்கப் வேட்டை தொடங்கியது. பட்டறைக்காரர் எந்த வண்டியிலும் மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு கொக்கி செய்து கொடுத்திருந்தார். முதலில் வில்லியனூரில் ஒரு வாழைக்காய் வியாபாரியின் வண்டி. அடக்கமான வண்டி, உட்கார நீளமாக ஒரே சீட். பங்காளி பின்தட்டைத் தட்டிப் பார்த்தான், டயரை உதைத்தான், எத்தனை டன் கரும்பு தாங்கும் என்று கேட்டான். நாம் கரும்பு ஏற்றப்போவதில்லை என்று சொன்னேன். அது அவன் காதில் ஏறவில்லை. எங்கள் ஊரில் வண்டி என்றால் முதுகில் எவ்வளவு சுமக்கும் என்பதுதான் கணக்கு.

கொக்கியை மாட்டி, விடிகாலையில் விழுப்புரம் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். ஐம்பதைத் தொடும்வரை ஒன்றுமில்லை. தாண்டியதும் பின்னால் வந்த வீடு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. குளிப்பாட்ட இழுத்துப்போகிற எருமை போல முரண்டு பிடித்து, பிக்கப்பையும் சேர்த்து இழுத்தது. ஓரமாக நிறுத்தியதும், வண்டி லேசு, இது ஆகாது என்று பங்காளி தீர்ப்புச் சொன்னான். நானும் ஆமாம் என்றேன்.

அடுத்து அரியூர்ப் பக்கம் ஒரு கட்டட மேஸ்திரி வைத்திருந்த பெரிய வண்டி. இரண்டு வரிசை சீட், ஆளுயர டயர். என் மனைவியை ஏற்றிப் பார்த்தோம். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்து ஏறினாள். அரை மணிக்கு ஒருதரம் இந்த வித்தை காட்ட முடியாது என்றாள். அந்த வண்டியிலும் வீடு ஆடியது, கொஞ்சம் தாமதமாக ஆடியது. மேஸ்திரி முகம் வெளுத்துவிட்டது. கொக்கியை உடனே கழற்றச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, சுத்துக்கேணியில் ஒரு கரும்பு விவசாயியின் வெள்ளை வண்டி. மெத்தென்ற சீட், எல்லாப் பக்கமும் அடி வாங்கிய உடம்பு. ஓட்டிப் பார்க்கிற சாக்கில் பாத்திரமெல்லாம் எப்படி ஆடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று, சீர் கொண்டுபோக வைத்திருந்த குத்துவிளக்கு, பித்தளை அண்டா, எங்கள் வயலில் விளைந்த பொன்னி அரிசி மூட்டைகள் எல்லாவற்றையும் மனைவி ட்ரெய்லரில் ஏற்றிவிட்டாள். முன்பக்கம் சாமி படம் மாட்டியிருந்த மூலையில் அடுக்கினாள். சீர்ப் பொருளைக் கக்கூஸ் பக்கம் வைப்பாளா?

வீடு ஆடவே இல்லை. ஐம்பது, அறுபது, அதற்கு மேலும் போனேன். நூல் பிடித்த மாதிரி பின்னால் வந்தது. எனக்குப் பாட்டே வந்துவிட்டது. இதுதான் வண்டி, நாளைக்கே முடித்துவிடலாம் என்றேன். கரும்பு சுமந்த வண்டி என்றால் சும்மாவா என்று பங்காளி மீசையைத் தடவிக்கொண்டான்.

மறுநாள் ஊர்க்காரர்கள் நாலு பேருக்குக் காட்டலாம் என்று அதே வண்டியில் அதே வீட்டைக் கோர்த்துக் கிளம்பினேன். எறும்பு ஏறிவிடும் என்று மனைவி அரிசியை இறக்கிவிட்டிருந்தாள். பித்தளையும் வீட்டுக்குள் போயிருந்தது. அவளும் எங்கள் கூட வந்தாள். மதகடிப்பட்டு தாண்டியதும் வேகம் பிடித்தேன். வீடு ஆடியது. முன்னைக்கு இப்போது இன்னும் மோசமாக ஆடியது. எதிரே வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்துவிட்டுப் போனான். வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

நாலு பேரிடம் காட்டியதில் கண் பட்டுவிட்டது என்றான் பங்காளி. எலுமிச்சம்பழம் வாங்க ஓடினான். நான் சுத்துக்கேணிக்காரரையும் அவர் வண்டியையும் பட்டறைக்காரரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி அதே வண்டிதாங்க. நேத்து அரிசி மூட்ட இருந்துச்சி, இன்னிக்கி இல்ல."

பங்காளி எலுமிச்சம்பழத்தோடு வருவதற்குள் எங்களுக்குப் பாதி புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மூட்டைகளை மறுபடி முன்னால் ஏற்றிக்கொண்டு வந்து ஓட்டினோம். ஆடவில்லை. பின்னால் மாற்றி வைத்தோம். வேகம் பிடிப்பதற்குள்ளேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. கனம் எல்லாம் பின்னால் கூடி, கொக்கிப் பக்கம் லேசாகிவிட்டிருக்கிறது. கக்கூஸும் முந்நூறு லிட்டர் தொட்டியும் கடைசி மூலையில் உட்கார்ந்து வீட்டின் வாலைப் பிடித்து ஆட்டியிருக்கின்றன. ட்ராக்டர் போகிற வேகத்துக்கு அது தெரியவில்லை. பாவம், மூன்று பிக்கப்புக்கும் நாங்கள் குற்றம் கட்டியிருந்தோம். எனக்கு வந்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

கக்கூஸை முன்னால் கொண்டுவந்துவிடலாம், நாலு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார் பட்டறைக்காரர். வாசல் கதவு முன்பக்கம்தான் இருந்தது. அதைத் திறந்தால் கண்ணில் படுகிற முதல் சாமானே கக்கூஸாக இருக்கும். நான் மனைவியைப் பார்த்தேன். எந்தச் சங்கதியை இத்தனை வருஷமாகத் தங்கையிடம்கூடச் சொல்லாமல் மூடி வைத்தாளோ, அதைக் கல்யாண வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சம்பந்தி வீட்டுப் பொம்பளைகள் எட்டிப் பார்க்காமலா இருப்பார்கள்? வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் வற்புறுத்தியிருக்க மாட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வூடே அதுக்காகத்தான கட்டுனது. முன்னால இருந்தா இன்னா, இருந்துட்டுப் போவட்டும்."

நான், சீக்கிரம் வேலையைப் பாருங்கள் என்று பட்டறைக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

இனி எந்த வண்டியானாலும் இழுக்கும் என்று ஆனதும், வண்டியை அவளே தேர்ந்தெடுத்தாள். வாழைக்காய் வியாபாரியின் வண்டியையே சொன்னாள். யார் கையையும் பிடிக்காமல் அதில் தானே ஏறி இறங்க முடிகிறதாம். வாழைப்பழ வாசனையும் பிடித்திருக்கிறதாம். கடைசியில் வாழைத்தார் வண்டியா என்று பங்காளிக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டும்வரை அவள் பயந்துகொண்டே வந்தாள். முதல் தடவை நிறுத்தச் சொன்னபோது, ஏதோ கடன் கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். திருச்சிக்குள் அந்தத் தயக்கம் போய்விட்டது. டேஷ்போர்டில் ஒரு தட்டு, நான் ஓரங்கட்டுவேன், அவள் இறங்கிப் போய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போவாள். உளுந்தூர்பேட்டையில் டீ, திருச்சியில் டீ, திண்டுக்கல்லில் இளநீரும் அதன்மேல் ஒரு டீயும். பயணம் என்றால் முதல் நாளிலிருந்தே வாயைக் கட்டியவள், அன்று போகிற வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அப்படி ஒரு சந்தோஷம். வேண்டாத இடத்திலெல்லாம் டீக்கடை பார்த்து நிறுத்தினேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது பொழுது சாய்ந்திருந்தது. மைத்துனி வாசலுக்கு வந்தாள். அக்காவைப் பார்த்தாள், ஆனால் கிட்டே வரவில்லை. இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா என்று என்னிடம்தான் கேட்டாள். என் மனைவி தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ட்ரெய்லர் கதவைத் திறந்துவிட்டாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பிள்ளைகள் யாரும் ஏறிவிடாமல் நான் வெளியே நின்றேன்.

என் மனைவி சொல்வது கேட்டது. ஆபரேஷனிலிருந்து, தேரடியில் விழுந்தது வரை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இதைக் கேட்டும் மைத்துனிக்குக் கோபம் தீராதோ என்று எனக்குப் பதறியது.

"எனக்கும் இதே தொந்தரவுதான்க்கா. ரெண்டாவது பிரசவத்துலேருந்தே இருந்துச்சி, இந்த ஆறேழு வருசமா ரொம்ப முத்திப்போச்சி. அதனாலதான் நான் ஊருக்கே வரல. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு இருந்துட்டன்."

அதற்குப் பிறகு உள்ளே அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டது. எது யாருடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சிறிது நேரத்தில் கக்கூஸ் கதவு திறந்து மூடுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது.

முகூர்த்தத்தன்று காலையில் சம்பந்தி வீட்டுப் பொம்பளைகளும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை, மண்டபத்து வரிசையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். தாலி கட்டுவதற்குள் தொட்டி காலி. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். மேளச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

மறுவீடு எல்லாம் முடியட்டும் என்று நான்கு நாள் தங்கினோம். கிளம்புகிற அன்று மைத்துனி ஒரு துணிப்பையோடு வந்து பிக்கப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இந்தச் சீட்டுல மூணு பேரு ஒக்காரலாமா மாமா?" என்று கேட்டாள். "பாகூரப் பாத்து ஆறு வருசமாவுது."

நான் பதில் சொல்வதற்குள் அக்கா உள்ளே நகர்ந்து இடம் விட்டுவிட்டாள்.