வகியெம் வாய் திறந்த நாள்

கிளாத்தென் சந்தையில் வகியெமின் தெம்பேக்குத் தனி மதிப்பு உண்டு. அவித்த சோயாவை வாழையிலையில் கட்டிப் புளிக்க வைத்து அதைச் செய்வாள். இரண்டாம் நாள் பொட்டலத்தின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடு பிடித்திருந்தால் சரி. வெறும் கண்ணை நம்பி ஒன்றைக்கூட விற்றதில்லை.

ஐம்பத்தெட்டு வயதுவரை வீட்டு விஷயத்தை வெளியில் பேசியதுமில்லை. ஒரே மகன் பம்புடி, தெம்பேயில் விஷம் இருக்கிறது என்று சாப்பாட்டை விட்டுப் பாதி ஆளாகிவிட்டான். அப்போதும் கேட்டவர்களிடம் "வயிறு சரியில்ல" என்றாள். பெற்ற பிள்ளையின் குறையை அந்நியர் முன் சொல்வது அந்த ஊரில் பெரிய கேவலம். அதனால் டாக்டர் ரெத்னோ தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. படமே எல்லாவற்றையும் சொல்லிவிடும், தான் வாய் திறக்க வேண்டாம்.

படம் வந்த அன்று கொழுந்தன் தார்னோவும் கூட வந்தான்.

"மூளைன்னு ஒண்ணு இருக்கா டாக்டர்? எங்க வம்சத்துக்கே சந்தேகம்."

"இருக்கு. கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்ல. படம் சுத்தமா இருக்கு."

"அப்ப புள்ளைக்கு ஒண்ணுமில்ல! வாங்க அண்ணி, போலாம்."

பம்புடி எழுந்தேவிட்டான். "நான்தான் சொன்னேனே."

"உக்காருங்க," என்றார் டாக்டர். "கட்டி கிட்டி இருந்தா வைத்தியமே வேற. அது இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் படம். இவருக்கு என்ன நோவுன்னு அதுல தெரியாது. கூட இருக்கிறவங்க சொன்னாத்தான் தெரியும். எப்ப ஆரம்பிச்சுது, இபு?" என்று தாயின் பக்கம் திரும்பினார்.

வகியெம் தரையைப் பார்த்தாள். பிறகு மகனின் பெல்ட்டைப் பார்த்தாள். ஆணியால் புதிதாக மூன்று துளை போட்டிருந்தான்.

"பெருநாளுக்கு முந்தின வாரம். பொட்டலம் கட்டிட்டிருந்தோம். இலைய மோந்து பாத்துட்டுத் தூக்கி எறிஞ்சான். கிணத்துக்குள்ள யாரோ தன்னப் பத்திப் பேசுறாங்கன்னான். பதினோரு நாளு கண்ணு மூடல."

"அம்மா! ஊருக்கே சொல்றியா?"

"கோவிச்சுக்கோ. சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கோ."

டாக்டர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். மாத்திரை அன்றே தொடங்கியது.

பம்புடி ஒரு மாதம் தாயிடம் பேசவில்லை. மாத்திரையை மட்டும் தார்னோ கையால் வாங்கிப் போட்டுக்கொண்டான். முதலில் தானே உரித்த அவித்த முட்டையைத் தின்றான். ஏழாவது வாரம் தெம்பேயைத் தொட்டான், அதுவும் தன் கையால் கட்டியதை.  வகியெம் அவன் பெல்ட்டை மட்டும் கவனித்தாள். ஒரு துளை தளர்த்திப் போட்டிருந்தான்.