சென்னிமலையின் அளவுக்குச்சி

காரமடையைத் தாண்டி இரண்டு மைல்கூட வரவில்லை, பிளசர் கார் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. பின் சீட்டில் வெங்கடலட்சுமி தன் தாய் பங்காரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினாள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மேட்டுப்பாளையத்து நர்ஸம்மா கையை விரித்துவிட்டாள். இன்னும் பதினைந்து மைல் இருந்தது.

டிரைவர் சென்னிமலை பெருந்துறைப் பக்கத்து ஆள். மதுக்கரையில் எட்டு வருசம் சிமெண்டு லாரி ஓட்டித் தூசி தின்றபின், பங்காரம்மாவின் பாக்குத்தோப்பு வீட்டுக் காருக்கு வந்தவன். யுத்தத்துக்கு முந்தைய கார். பெட்ரோல் காட்டும் முள் செத்துப் பல காலமாகிறது. அதனால் ஒரு மூங்கில் சிம்பில் காலனுக்கு ஒரு கோடு கீறி வைத்திருந்தான். கார் எங்கே நின்றாலும் டேங்க் மூடியைத் திறந்து அந்தக் குச்சியை விட்டுப் பார்ப்பதுதான் அவனுக்கு முதல் வேலை. பங்காரம்மாவுக்கு அந்தக் குச்சியைக் கண்டாலே எரிச்சல்.

இப்போதும் குச்சியை விட்டான். முந்தாநாள் நிரப்பிய டேங்க், கழுத்து வரைக்கும் இருந்தது. பானெட்டைத் தூக்கி, கார்பரேட்டரில் பெட்ரோலைப் பீச்சும் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதி மாட்டினான். கொஞ்ச நேரம் சுற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தூசிதான், தொலைந்தது என்று நிம்மதியாக மிதித்தான்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு முன்னால் மறுபடியும் நின்றது. மறுபடியும் குச்சி, ஜெட், ஊதல். ஓடியது. ஆனால் இந்தத் தடவை ஊதி எடுத்த ஜெட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

ஊரைத் தாண்டியதும் மூன்றாம் முறை. உச்சி வெயில், முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. சென்னிமலையின் கை பழக்கத்தில் குச்சிக்குப் போனது.

"டேங்க் நெறைய இருக்குதுன்னு ரெண்டு வாட்டி பாத்தாச்சல்ல? இன்னொருக்கா அந்தக் குச்சியத் தொட்டீன்னா ஒடிச்சுப் போட்டுருவேன்!" என்று கத்தினாள் பங்காரம்மா.

அவன் குச்சியைத் தொடாமல் நேராக ஜெட்டைக் கழற்றி ஊதினான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்புக் குழாயைக் கழற்றி, பம்பின் கைப்பிடியை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். டேங்க் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை.

அதுவரை அலறிக்கொண்டிருந்த வெங்கடலட்சுமி சட்டென்று அடங்கிவிட்டாள்.

"கண்ணு, கண்ணு! கண்ணத் தொற அம்மணி! ஏனப்பா சென்னிமலை, எம் புள்ளையக் கொன்னுபோடாதே!"

பம்பு செத்துவிட்டதா? செத்த பம்பு நடுவில் இரண்டு தரம் பிழைத்து வருமா? மூன்று தடவையும் ஜெட்டை ஊதினேனே, முதல் இரண்டு தடவை செய்து இப்போது செய்யாதது என்ன? நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. குச்சி! குச்சி விடவில்லை, மூடியைத் திறக்கவில்லை!

பின்னால் ஓடினான். மூடி இறுகிப் பிடித்திருந்தது. பலம் கொடுத்துத் திருகியதும் டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. முன்பு இரண்டு தடவை குச்சி விட மூடியைத் திறந்தபோதும் இப்படித்தான் இழுத்திருக்கும், அலறல் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. மூடியைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தான். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கென்று நடுவில் ஊசித் துளை ஒன்று உண்டு; காற்று போகாவிட்டால் பெட்ரோல் குழாய்க்கு வராது. அந்தத் துளை கல்லாக அடைத்திருந்தது.

சந்தனம். நேற்று ஆயுத பூஜை. ஸ்டீரிங்கிலிருந்து டிக்கி வரை பங்காரம்மா தன் கையாலேயே குழைத்து அப்பிய சந்தனம்.

அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வேலி முள் ஒன்றை ஒடித்துத் துளையைக் குத்திவிட்டான். மூடியைத் தோள் துண்டில் அழுந்தத் துடைத்தான்.

"என்னப்பா கோளாறு?"

"துளி குப்பைங்கம்மா. இனி நிக்காதுங்க."

மூடியையும் குழாயையும் மாட்டிச் சுற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது, பிறகு நிற்கவில்லை. துடியலூரில் மாட்டு வண்டிகளை ஒதுக்கி, ஆரன் அடித்தே தொண்டை கட்டிய காரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். ஒரு மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை என்றார்கள். தாய்க்கும் உயிர் தங்கியது. சென்னிமலை காரின் மறைவில் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் வாய்விட்டு அழுதான். அடைத்தது எது என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பேத்தியைத் தூக்கும் கையைப் பார்த்து அந்தம்மாள் வாழ்நாளெல்லாம் குமைந்துகொண்டிருக்க வேண்டுமா?

அடுத்த வருசம் ஆயுத பூஜை வந்தது. பங்காரம்மா சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றினாள். சென்னிமலை டேங்க் மூடியைக் கழற்றி மறைப்பதற்காகப் பின்பக்கம் நகர்ந்தான்.

"அத ஒளிக்க வேண்டாஞ் சென்னிமலை. அன்னிக்கு நீ மூடியத் தொறந்ததுக்கப்புறந்தான் கார் ஓடுச்சு. ஆஸ்பத்திரியில நீ மொகந் தொடச்ச துண்டுல சந்தனம் ஒட்டியிருந்துச்சு, பாத்துட்டேன்."

அவன் மூடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"ஒரு வருசமா வாயத் தொறக்கலையே நீ!" அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "எங்கே அந்தக் குச்சி? கொண்டா."

சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் காரின் முன்னால் வாழையிலையில் கிடத்தி, சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். பிறகு கற்பூரத்தட்டை முதலில் அதற்குத்தான் காட்டினாள்.